தொழுவத்தில் ஒரு பத்மினி: நிற்கும் இன்ஜின், படுத்திருக்கும் இன்ஜின்... தாத்தா காரை உயிர்ப்பிப்பது எப்படி?

தோவாளைப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டுத் தொழுவத்தில் இப்போது மாடு இல்லை. ஒரு பிரீமியர் பத்மினி நிற்கிறது. 1986 மாடல். ஆர்.சி புக்கில் க்ரீம் கலர். நேரில் தூசி கலர். தாத்தா போன பிறகு நாலு வருஷமாக அதை யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. பின் சீட்டில் ஒரு கோழி முட்டை போட்டதுதான் அந்த காரில் கடைசியாக நடந்த முக்கியமான சம்பவம்.

2026-ல் அதன் ஆர்.சி முடிகிறது. உடனே வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. "எடைக்குப் போட்டுரலாம்டே... இடமாவது மிஞ்சும்" என்றார் சித்தப்பா. பாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஒன்னைய ஆஸ்பத்திரியிலயிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டியாக்கும் அது!"

முடிவெடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கோ கார் பற்றித் தெரிந்ததெல்லாம் ரீல்ஸில் பார்த்ததுதான். முந்தின நாள் ராத்திரிதான் ஆல்ஃபாசுட் என்ற பழைய இத்தாலிய காரின் இன்ஜினைப் பிரித்து மாட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்திருந்தேன். அதே ஜோரில், நாகர்கோவிலிலிருந்து வந்த வயதான மெக்கானிக் அண்ணாச்சியிடம் கேட்டேன். "அண்ணாச்சி, பத்மினியும் இத்தாலி இன்ஜின்தானே... இதுவும் பாக்ஸரா?"

அவர் போனட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சிரித்தார். "மக்கா, பாக்ஸரு படுத்துக் கெடக்கும். இது நின்னு வேல செய்யுதது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற, கேட்டியா?"

அந்த ஒரு பதிலில்தான் எனக்குப் பாதி விஷயம் புரிந்தது. ஓர் இன்ஜினை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை, அதை வடிவமைத்தவர் பல வருஷங்களுக்கு முன்பே முடிவுசெய்துவிட்டார். நமக்கு அது தெரிந்திருந்தால் போதும்.

பாக்ஸர்னா என்ன பாஸ்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊர் ரோட்டில் ஒரு காலத்தில் ஓடிய பஜாஜ் பாக்ஸர் பைக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெயர்தான் பாக்ஸர், அதில் இருப்பது ஒற்றை சிலிண்டர் இன்ஜின்.

உண்மையான பாக்ஸர் இன்ஜினைப் புரிந்துகொள்ள, இரண்டு கைகளையும் முஷ்டி மடக்கி, நெஞ்சுக்கு முன்னால் முஷ்டியோடு முஷ்டி முட்டுமாறு வையுங்கள். இப்போது இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளுங்கள், ஒரே நேரத்தில் உள்ளே இழுங்கள். குத்துச்சண்டைக்காரர் கிளவுஸைத் தட்டிக்கொள்வாரே, அந்த அசைவு. முஷ்டிகள்தான் பிஸ்டன்கள். நடுவில் கிராங்க் ஷாஃப்ட். நாலு சிலிண்டர் என்றால் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு என்று தரையோடு தரையாகப் படுத்திருக்கும்.

இதனால் என்ன லாபம்?

சாதாரணமாக வரிசையில் நிற்கும் நாலு சிலிண்டர் இன்ஜினில், இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். பெரும்பாலான அதிர்வு அங்கேயே கழிந்துவிடும். ஆனால், கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து வேலை செய்வதால், பிஸ்டன் மேல்பாதியில் போகும் வேகமும் கீழ்பாதியில் போகும் வேகமும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசம் ஒரு மெல்லிய நடுக்கமாக மிஞ்சும். பாக்ஸரில் எதிரெதிர் பிஸ்டன்கள் கண்ணாடிப் பிம்பம் மாதிரி அசைவதால் அந்த நடுக்கமும் பெரும்பாலும் கழிந்துவிடும். இன்ஜின் தாழ்வாகப் படுத்திருப்பதால் காரின் எடையும் கீழேயே இருக்கும். வளைவில் கார் தரையைக் கவ்விக்கொண்டு போகும். போனட்டையும் தாழ்வாக வடிவமைக்கலாம்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில், சுபாரு கார்கள், லடாக் வ்ளாகர்கள் ஆசைப்படும் பி.எம்.டபிள்யூ ஜி.எஸ் பைக்கின் பெரிய மாடல்கள் எல்லாம் பாக்ஸர் குடும்பம்தான். இத்தாலியில் 1960-ல் வந்த லான்சியா ஃப்ளாவியாவில் இந்த இன்ஜின் இருந்தது. ஒரு ருசிகரமான தகவல்: 1970-களில் ஃபெராரி தன் கார் ஒன்றுக்கு 'பெர்லினெட்டா பாக்ஸர்' என்றே பெயர் வைத்தது. அந்த 12 சிலிண்டர் இன்ஜின் படுத்திருக்கும், ஆனால் பாக்ஸர் அல்ல! எதிரெதிர் பிஸ்டன்கள் ஒரே கிராங்க் பின்னைப் பிடித்துக்கொண்டிருப்பதால், இரண்டும் ஒரே பக்கமாகத்தான் ஓடும். ஒன்று வெளியே போனால் மற்றது உள்ளே வரும். முஷ்டி தட்டாத பாக்ஸர்!

தெற்கே பிறந்த கார்

நான் வீடியோவில் பார்த்த ஆல்ஃபாசுட், 1971-ல் டூரின் மோட்டார் ஷோவில் அறிமுகமானது. தயாரித்தது ஆல்ஃபா ரோமியோ. 'சுட்' என்றால் இத்தாலிய மொழியில் தெற்கு. மிலான், டூரின் என்று வடக்கே மட்டும் தொழிற்சாலைகள் இருந்ததால், தெற்கத்திப் பிள்ளைகள் வேலை தேடி வடக்கே ரயில் ஏறிக்கொண்டிருந்த காலம். அதை மாற்றவென்றே நேப்பிள்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் பொமிலியானோ என்ற ஊரில் புது ஆலை கட்டினார்கள். 1968-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிற நமக்கு இந்தக் கதை புரியாமல் போகுமா என்ன?

அந்தத் திட்டத்தின் தலைமைப் பொறியாளர் ருடால்ஃப் ஹ்ருஷ்கா. ஆஸ்திரியாக்காரர். முன்பு ஃபோக்ஸ்வாகன் திட்டத்தில் வேலை பார்த்தவர். பாடியை வரைந்தவர் ஜியார்ஜெட்டோ ஜியுஜாரோ. இன்ஜின் 1,186 சி.சி, நாலு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் பாக்ஸர், 63 குதிரைத்திறன். அந்தக் காலத்து ஃபேமிலி காருக்கு இது பெரிய விஷயம். பின்னாளில் இதே இன்ஜின் 1,300, 1,500, 1,700 சி.சி என்று வளர்ந்து, 1990-கள் வரை ஆல்ஃபாவின் வேறு மாடல்களில் ஓடியது.

சரி, இதை வைத்திருப்பவர்கள் எப்படிப் பராமரிக்கிறார்கள்?

இரண்டு பக்கமும் சிலிண்டர் என்றால் எல்லாமே இரண்டு. இரண்டு சிலிண்டர் ஹெட், இரண்டு ஹெட் கேஸ்கெட், இரண்டு கேம் ஷாஃப்ட், அவற்றைச் சுழற்ற இரண்டு டைமிங் பெல்ட். பெல்ட் ரப்பர் என்பதால் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். காலம் பார்த்து இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று அறுந்தாலும் இன்ஜினின் பாதி அங்கேயே நின்றுவிடும்.

ஸ்பார்க் பிளக்குகள் கீழே, பக்கவாட்டில். கை நுழைத்துத் தடவித்தான் கழற்ற வேண்டும். வால்வு கவர்களும் பக்கவாட்டில் இருப்பதால் கேஸ்கெட் இளகினால் ஆயில் கசியும். ஆனால், ஒரு இடத்தில் ஹ்ருஷ்காவின் குழு மெக்கானிக்கை நினைத்துப் பார்த்திருக்கிறது. வால்வு இடைவெளியைச் சரிசெய்ய கேம் ஷாஃப்ட்டைக் கழற்றவே வேண்டாம். கேம் ஷாஃப்ட்டிலேயே துளை இருக்கிறது. அதன் வழியாக ஆலன் கீ விட்டுத் திருகினால் போதும்.

இவ்வளவு நல்ல இன்ஜினை வைத்திருந்த காருக்கு என்ன ஆனது? துருப்பிடித்துப் போனது. ஆல்ஃபாசுட் துருவுக்குப் பேர்போன கார். சில வருஷங்களிலேயே பாடி ஓட்டை விழ, இன்ஜின் மட்டும் ஆரோக்கியமாக இருந்த கார்கள் ஏராளம்.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி யோசித்தேன். தெற்கு, கடல், துரு... இது எங்கள் தொழுவத்துக் கதைதானே!

1937-ல் பிறந்த இன்ஜின்

மூடிய பொருளாதாரமாக இருந்த அந்நாளைய இந்தியாவில் ஆல்ஃபாசுட் விற்பனைக்கு வரவில்லை. நம் பாட்டன்மார் கைக்கு வந்த இத்தாலிய இன்ஜின் பத்மினியில் இருப்பதுதான்.

வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், மும்பை குர்லாவில் ஃபியட் கார்களைத் தயாரித்தது. 1964-ல் வந்த 'ஃபியட் 1100 டிலைட்'தான், 1970-களில் பெயர் மாறி பிரீமியர் பத்மினி ஆனது. அதனால்தான் எங்கள் வீட்டில் இன்னும் அதைப் 'பியட்டு' என்றே சொல்கிறார்கள்.

அதன் இன்ஜின் 1,089 சி.சி. சிலிண்டரின் குறுக்களவு 68 மில்லிமீட்டர். பிஸ்டன் போய்வரும் தூரம் 75 மில்லிமீட்டர். இந்த அளவுகள் எப்போது வந்தவை தெரியுமா? 1937-ல்! டான்தே ஜாகோசா என்ற பொறியாளர் வடிவமைத்த ஃபியட் 508 சி காரில் இதே 68, இதே 75. இத்தாலியே பின்னாளில் 1,221 சி.சிக்கு மாறிய பிறகும், குர்லாவில் பழைய அளவிலேயே தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பத்மினி உற்பத்தி நூற்றாண்டின் இறுதிவாக்கில் நிற்கும் வரை, 60 வருஷத்துக்கும் மேலாக அந்த அளவு மாறவே இல்லை.

ஆல்ஃபாசுட் இன்ஜினையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அங்கே சிலிண்டரின் குறுக்களவு 80. பிஸ்டன் போய்வரும் தூரம் 59. அகலமான உருளி மாதிரி. பிஸ்டன் குறைந்த தூரமே ஓட வேண்டியிருப்பதால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், சீறும். பத்மினி உயரமான சொம்பு. சுமார் 40 குதிரைத்திறன்தான். சீறாது. ஆனால், குறைந்த வேகத்திலேயே இழுக்கும். அஞ்சு பேரையும் ஒரு சாக்கு நெல்லையும் ஏற்றிக்கொண்டு குலசேகரம் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போனதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசம், மெக்கானிக்குக்கு. பத்மினி போனட்டைத் திறந்தால் இன்ஜின் நேராக நிற்கிறது. பிளக், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். ஒரே ஹெட், ஒரே கேஸ்கெட். கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கிறது. அதைச் சுற்றுவது ரப்பர் பெல்ட் அல்ல, செயின். நாலு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஃபீலர் கேஜ்... ஆலமர நிழல் போதும், பட்டறை அமைந்துவிடும். அதிபுத்திசாலி இன்ஜின் இல்லை. ஆனால், எந்த ஊரிலும் கைவைக்கத் தெரிந்த ஆள் இருந்தார். மும்பையில் இது டாக்ஸியாக 2023 அக்டோபர் வரை ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம்ம ஊரில் எது காரைக் கொல்லும்?

"இன்ஜின அப்புறம் பாப்போம். மொதல்ல தரையத் தட்டிப் பாரு" என்றார் அண்ணாச்சி. கால்மிதியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டினார். 'டங்' என்று கேட்டால் நல்ல தகடு. 'பொத்' என்று கேட்டால் துரு.

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. மேற்கே குளச்சல், முட்டம் பக்கம் போனால் காற்றே உப்பு. ஆரல்வாய்மொழிக் காற்று, தூசியை இண்டு இடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தத் தூசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, பேட்டரி தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவைதான் துரு முதலில் குடியேறும் இடங்கள்.

இதில் முக்கியமான விஷயம், பத்மினிக்கு லாரி மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாது. பாடிதான் எலும்புக்கூடு. தரைத்தகடு இற்றுப்போனால் அது அழகுப் பிரச்னை இல்லை, எலும்பு முறிவு. மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்து விற்கப்படும் பழைய கார்களிடம் ஏமாறுவது இங்கேதான். வாங்குவதாக இருந்தால் ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். கனமான பட்டி இருக்கும் இடத்தில் நழுவும்.

எங்கள் வண்டியில் டிரைவர் பக்கத் தரையில் மட்டும் 'பொத்'. மற்ற இடமெல்லாம் 'டங்'. ஓலைக் கூரையும் சாணித் தரையும் ஈரம் பிடிக்குமே என்று பயந்திருந்தேன். தாத்தா நாலு செங்கல் மேல் பலகை போட்டு வண்டியை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காற்று கீழே ஓடியிருக்கிறது.

தூங்கும் இன்ஜினை எழுப்புவது எப்படி?

நாலு வருஷம் தூங்கிய இன்ஜினில் புது பேட்டரி மாட்டி உடனே சாவியைத் திருப்புவதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய தப்பு. சிலிண்டர் சுவரில் ஆயில் காய்ந்திருக்கும். பிஸ்டன் ரிங் லேசாகத் துருவில் ஒட்டியிருக்கும். அந்த நிலையில் வேகமாகச் சுற்றினால் கீறல் விழும். அண்ணாச்சி செய்த வரிசை இது.

1. பிரேக்: "ஓடுததுக்கு முன்னாடி நிக்கப் படிக்கணும்லா!" பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உள்ளே வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிவிடும். நாலையும் கழற்றி, ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினார். ஹோஸ் பைப்பும் புதுசு.

2. பெட்ரோல்: டேங்க்கைக் கழற்றிப் பழைய பெட்ரோலைக் கொட்டினோம். பெயின்ட் வாசனை அடித்தது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. வண்டி சும்மா நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும், தகடு துருப்பிடிக்கும். 1980-களின் ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறிப் பொத்துப்போகும். எத்தனாலைத் தாங்கும் ரப்பர் குழாய் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்றுங்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்னாகும் என்று சொல்லவேண்டியதில்லை.

3. சிலிண்டர்: நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவைத்தார். மறுநாள் பிளக் இல்லாமலேயே டாப் கியரில் போட்டு, வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளினோம். சக்கரம் சுற்ற, இன்ஜினும் சுற்றியது. "லாக் ஆகல. பொழச்சுக்கிடும்!" என்று அண்ணாச்சி சொன்னபோது பாட்டி உள்ளே போய்ச் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

4. ஆயிலும் தண்ணீரும்: பழைய ஆயிலை வடித்துப் புதுசு. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம். இங்கேதான் ஒரு பாடம் கிடைத்தது. இன்ஜின் பிளாக் இரும்பு. மேலே ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்படுவது ஹெட் கேஸ்கெட். இன்ஜின் ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கெட் போய்விடும். கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்பு படியும், அலுமினியத்தை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்துதான் ஊற்ற வேண்டும்.

5. மின்சாரம்: எலி கடித்த ஒயர்களை மாற்றிய பிறகு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டைக் காட்டினார். தீப்பொறிக்கு ஆணையிடும் குட்டிச் சுவிட்ச் அது. நாலு வருஷத்தில் கறுத்துப்போயிருந்தது. மெல்லிய எமரி தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தார். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளி சரியாக இல்லாவிட்டால் மொத்த காரும் சும்மா நிற்கும்.

இவை எல்லாம் முடிய, ஞாயிற்றுக்கிழமைகளாக ஆறு வாரம் ஆனது. கடைசியில் சோக்கை இழுத்து, செல்ஃப் அடித்தார். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை பின்னால் ஒரு புகைமேகம். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. சிலிண்டரில் ஊற்றிய ஆயில் எரிந்து முடிக்கிற வரை தொழுவமே புகை. கோழிகள் கூரை மேல்.

அதற்கப்புறம் சூட்டோடு சூடாக நிறுத்தாமல், ஆயில் பிரஷர் பார்த்து, தண்ணீர் கசிகிறதா பார்த்து, ஆறவிட்டு டேப்பட் இடைவெளியைச் சரிசெய்தார். "டிக்கு டிக்குன்னு லேசா சத்தம் இருந்தா பயப்படாண்டாம். சத்தமே இல்லைன்னாதான் பயப்படணும்" என்றார். காரணம், இடைவெளியே இல்லாமல் இறுகிய வால்வு முழுசாக மூடாது, எரிந்துபோகும். ஆல்ஃபாசுட்டில் ஆலன் கீ செய்த வேலையை இங்கே ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் செய்துவிட்டன.

வைத்துக்கொள்ள ஆசையா? இதைச் செய்யுங்க!

* வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து உடனே அணைப்பது நல்லதல்ல. ஈரமும் பெட்ரோலும் ஆயிலில்தான் போய்ச் சேரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இன்ஜின் முழுதாகச் சூடாகும் வரை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

* கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருஷம் ஒருமுறை இன்ஜின் ஆயில், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் மாற்றுங்கள்.

* முன் சக்கரப் பகுதியில் இருக்கும் கிரீஸ் நிப்பிள்களை மறக்காதீர்கள். புது கார்களில் இப்படி ஒன்று இல்லாததால் சர்வீஸ் சென்டர் பையன்களுக்கு அது தெரியாமல் போகலாம்.

* கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். மழைக்கு முன் அடியில் துருத் தடுப்புப் பூச்சு அடியுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

* பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள். உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். துணிக் கவர், காற்றோட்டம், செங்கல் மேல் பலகை... தாத்தா டெக்னிக்கே போதும்.

* ஏதாவது ஒரு பாகத்தைக் கழற்றும் முன் போனில் போட்டோ, வீடியோ எடுங்கள். திருப்பி மாட்டும்போது அது உங்களைக் காப்பாற்றும்.

ஆர்.சி விஷயம் என்ன?

தனிப்பட்ட உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் 1986 வண்டி அப்படித்தான் 2001, 2006 என்று தாண்டி 2026-ல் வந்து நிற்கிறது. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டில் வந்த அறிவிப்பின்படி 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய். பசுமை வரி தனி. வண்டியை ஆர்.டி.ஓ ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டித் தகுதியை நிரூபிக்க வேண்டும். பிரேக்கை முதலில் செய்ததன் அருமை அங்கேதான் தெரியும்.

50 வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டி என்றால் வேறொரு வழியும் உண்டு. 2021-ல் வந்த வின்டேஜ் விதிப்படி 20,000 ரூபாய் கட்டி, 'வி.ஏ' எழுத்துகள் கொண்ட தனி நம்பர் வாங்கலாம். பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால், கண்காட்சி, ராலி மாதிரியான தேவைகளுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. அதாவது, 1970-களின் முதல் பத்மினிகள் இப்போதுதான் அந்த வயதைத் தொடுகின்றன. எங்கள் வண்டிக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. பாட்டியைக் கூட்டிக்கொண்டு சுசீந்திரம் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்பதால் சாதாரண ஆர்.சியே போதும் என்று முடிவெடுத்தோம்.

கடைசியாக ஒன்று

வேலை முடிந்த அன்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "உங்களுக்கு அப்புறம் இதை யாரு பாப்பா அண்ணாச்சி?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பட்டறைக்கு வருத பயலுவ எல்லாம் லேப்டாப்பு சொருகுத எடத்தத் தேடுதானுவ. இதுல அது கெடையாதே மக்கா... காதத்தான் சொருகணும்."

இத்தாலியில் ஆல்ஃபாசுட் இன்ஜின்கள் நல்ல நிலையில் இருந்தும் தகடு துருப்பிடித்துப் போனதால் கார்கள் அழிந்தன. இங்கே தகட்டை ஒட்டிவிடலாம். பாயின்ட் இடைவெளியைக் கையால் வைக்கத் தெரிந்தவர்கள், டேப்பட் சத்தத்தைக் காதால் அளப்பவர்கள் ஒவ்வொருவராக ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தொழுவத்திலும் ஒரு பழைய வண்டி நின்றால், அதை வைத்துக்கொள்வதா விற்பதா என்று அப்புறம் முடிவெடுங்கள். அதைத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கும்போதே ஒருநாள் கூட்டிவந்து பக்கத்தில் நின்று பாருங்கள். என் போனில் இப்போது அண்ணாச்சியின் கை வேலை செய்யும் வீடியோ மட்டும் 40 இருக்கிறது.

எடைக்குப் போடச் சொன்ன சித்தப்பா? போன வாரம் போன் செய்தார். பையனுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறதாம்.

"லேய்... மாப்பிள்ள ஊர்வலத்துக்கு அந்தப் பியட்ட ஒருநாள் தருவியாடே?"